பதிவு என்ற மூன்றெழுத்து

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், இருபத்தைந்தாம் பிரிவு. குடிமக்களில் ஒருவர் அரச அலுவலகமொன்றிடம் தகவல் கேட்டு விண்ணப்பித்தால், அங்குள்ள தகவல் அலுவலர் இயன்றளவு விரைவாக, எப்படியும் பதினான்கு வேலை நாட்களுக்குள், அதைத் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்து அறிவிக்க வேண்டும். வேலை நாட்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சனி, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறையான போயா, அரச விடுமுறை எதுவும் அதில் சேராது. கடிதம் போன நாளிலிருந்து எண்ணக் கூடாது, போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

இதையெல்லாம் நான் எண்ணத் தெரிந்தவள். முப்பத்துநான்கு வருடம் கல்வி அலுவலகமொன்றில் வேலை செய்தேன், கடைசியில் நிர்வாக உத்தியோகத்தராக. ஆசிரியர்களின் சுயவிவரக் கோவைகள் என் மேசையில் இறங்காமல் எங்கேயும் போனதில்லை. இடமாற்றமோ, பதவியுயர்வோ, மகப்பேற்று விடுமுறையோ, எந்தச் சுற்றுநிருபத்தின் எந்தப் பந்தி என்று கேட்டால் அலுமாரியைத் திறக்காமலே சொல்வேன். ஓய்வு பெற்றபோது என்னோடு வீட்டுக்கு வந்தவை இரண்டு: ஓய்வூதியமும், படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பும் பழக்கமும். முதலாவதற்கு வீட்டில் நல்ல மரியாதை இருந்தது.

நான் சொல்லப்போகும் பதினான்கு வேலை நாட்களுக்குள் என் மருமகளின் உத்தியோகம் அகப்பட்டிருந்தது. அவள் புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரிய உதவியாளர், நாலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். விடியுமுன் கெலிஓயாவில் பஸ் ஏறி, பிள்ளைகளின் கொப்பிகளை மடியில் வைத்தே திருத்திக்கொண்டு போவாள். உதவியாளர் என்பது பெயரில்தான். அந்தப் பாடசாலையில் அவள் உதவுவதற்கு வேறொரு ஆசிரியர் இருந்ததை நான் கேள்விப்பட்டதில்லை. குறித்த காலத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகமொன்றின் பட்டத்தைக் காட்டினால்தான் ஆசிரியர் சேவைக்குள் எடுப்பார்கள். காட்டாவிட்டால் உதவியாளராகவே இருந்து, பிறகு அதுவாகவும் இல்லாமல் போக நேரலாம். காலம் முடிய இரண்டு வருடம்கூட இருக்கவில்லை.

ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஒரு நீலக் கோவையைக் கொண்டுவந்து வைத்தாள். பளபளப்பான அட்டை. அதன் மேல் சிரிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள்.

“மாமி, இத பாருங்க. ஆனா கண்ணாடி போடாம பாருங்க.”

“கண்ணாடி இல்லாம என்னத்த பாக்கிறது?”

“போட்டா நீங்க பிழைதான பாப்பீங்க.”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். கண்டி நகரில் ஒரு ‘கெம்பஸ்’. கல்விமாணிப் பட்டம், தொலைக்கல்வியில், பதினெட்டே மாதத்தில். பரீட்சைக்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. பரீட்சையே இல்லை, ஒப்படைகள் மட்டுந்தான். பட்டத்தைக் கொடுப்பது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். அதன் பெயர் உலகம் அறிந்த ஒரு பழைய பல்கலைக்கழகத்தின் பெயரைப் போலவே இருந்தது, நடுவில் மட்டும் ஒரு சொல் கூடுதலாக நின்றது. பட்டத்தின் தரத்துக்கு ஏதோவொரு சர்வதேசச் சபை உத்தரவாதம் கொடுத்திருந்தது. அடியில் தங்க நிறத்தில் ‘அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்டது’ என்ற வரி, பக்கத்தில் பீ.வீ. என்று தொடங்கும் இலக்கம்.

“இது கம்பனி நம்பர்,” என்றேன்.

“கெம்பஸ் கம்பனியா இருக்கக் கூடாதா?”

“இருக்கலாமே. சந்தியில உரிச்ச கோழி விக்கிறவனும் கம்பனிதான். அவனோட பில்லுலயும் பீ.வீ. நம்பர் இருக்கு. அவன் பட்டம் குடுக்கிறானா?”

“கோழி நல்லா குடுக்கிறான்,” என்றான் என் மகன், சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல். இந்த விஷயத்தில் அவனுடைய பங்களிப்பு அவ்வளவுதான்.

மருமகள் விடவில்லை. “நீங்கதான மாமி எப்பவும் சொல்லுவீங்க, டியூட்டரி வேற, கெம்பஸ் வேறன்னு? நான் கெம்பஸ்ல படிச்சவன்னு எத்தன தரம் சொல்லியிருக்கீங்க?”

அவள் சொன்னது உண்மை. எழுபதுகளில் சில வருடங்கள் இந்த நாட்டில் சட்டப்படி ஒரேயொரு பல்கலைக்கழகம்தான் இருந்தது, மற்றவை எல்லாம் அதன் வளாகங்கள். மகாவலிக் கரையில் நான் படித்த இடத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. சட்டம் மாறி, பெயர் மாறி, எங்கள் தலைமயிர் நரைத்த பிறகும் எங்கள் வாயில் அது ‘கெம்பஸ்’தான். “மகள் கெம்பஸ் போறா” என்று கண்டியில் ஒருவர் சொன்னால், அந்தப் பிள்ளை உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, வெட்டுப்புள்ளி தாண்டி, பல்கலைக்கழகம் போகிறது என்று அர்த்தம். பல்கலைக்கழகம் கழற்றிப் போட்ட அந்தச் சட்டையை யாரும் கவனிக்காத நேரத்தில் தொலைபேசிக் கடைகளுக்கு மேல் மாடியில் இருந்தவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ‘டியூட்டரி’ என்று பலகை வைத்திருந்தால் என் மருமகள் படியேறியிருக்க மாட்டாள். அவளை ஏற்றிவிட்டது, நாற்பத்தைந்து வருடமாக நான் பெருமையோடு உச்சரித்துவந்த சொல்.

இதை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. “இந்தப் பட்டம் செல்லாது” என்று மட்டும் சொன்னேன்.

“நீங்க சொன்னா பத்தாது மாமி. நீங்க ரிட்டயர்ட் ஆகிட்டீங்க. கொழும்புல இருந்து எழுத்துல வரட்டும். வந்தா விட்டுடறேன். எங்க ஸ்கூல்ல நாங்க உதவியாளருங்க நாலு பேரு. நான் சேந்தா மத்த மூணு பேரும் சேருவாங்க. ஜூலை அஞ்சாந் திகதி ரெஜிஸ்ட்ரேஷன் முடியுது. அதுக்குள்ள வரல்லைன்னா நான் போய் சைன் பண்ணுறேன்.”

“ஒழுங்கான இடத்துல தொலைக்கல்வி இருக்கே. அதுக்கும் ஜூலை நடு வரைக்கும் விண்ணப்பிக்கலாம்.”

“அது முடிய மூணு வருஷத்துக்கு மேல போகும். எனக்கு அவ்வளவு நாள் எங்க இருக்கு?”

நீலக் கோவையை மூடி அவள் பக்கம் தள்ளினேன்.

அடுத்த நாள் காலை சந்தியில் இருக்கும் கொமியுனிகேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் அலவத்துகொடையில் பிறந்தவர், கெலிஓயாவில் கலியாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டார்; எல்லோரும் அவரை ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டோ பிரதி, தட்டச்சு, லெமினேட், கலியாண அழைப்பிதழ் எல்லாம் செய்கிறார். நான் உள்ளே நுழைந்தாலே கதிரையை இழுத்துப் போடுவார். என் கடிதங்கள் நீளமானவை என்பது அவருக்குத் தெரியும்.

“வாங்க மிஸ். இந்தத் தரம் யாருக்கு அடி?”

“அடி இல்ல நானா, கேள்வி.” விஷயத்தைச் சொன்னேன்.

“மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஈக்கிற கெம்பஸா? அவங்கட தங்க ஸ்டிக்கர் நான்தான மிஸ் எடுத்துக் குடுக்கிற!”

“என்ன ஸ்டிக்கர்?”

“சேர்டிபிகேட்ல ஒட்டுற. சூரியன் மாதிரி, சுத்திவர பல்லு பல்லா ஈக்கும். கலியாண அழைப்புக் காட்டுக்கும் அதத்தான் ஒட்டுற.” லாச்சியிலிருந்து ஒரு தாள் நிறைய எடுத்துக் காட்டினார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரைகள் கெலிஓயாச் சந்தியில் ஒரு பக்கத்துக்கு இருபத்துநான்கு வீதம் மின்னின.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். “அப்ப கலியாணக் காட்டு எல்லாம் பொய்யா மாமி? எங்க காட்டுலயும் அது இருந்துச்சே” என்றாள். நியாயந்தான். ஸ்டிக்கர் சாட்சியமாகாது.

விண்ணப்பம் சாட்சியமாகும். பல்கலைக்கழகங்களை அங்கீகரிக்கும் கொழும்பு அலுவலகத்துக்கு அந்தத் தகவல் சட்டத்தின் கீழ் எழுதியதில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். பட்டம் வழங்குவதாகச் சொல்லப்படும் வெளிநாட்டு நிறுவனம், எழுத்துக்கெழுத்து இதே பெயரில், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலில் உள்ளதா? அந்தப் பட்டத்தைக் கண்டியில் நடத்துவதற்கு இந்த நிலையத்துக்கு அனுமதி உள்ளதா? கம்பனிப் பதிவை அங்கீகாரமாகக் கொள்ளலாமா? படிப்பிக்கும் இடத்தின் பெயரைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் வேறு பதில் வரக்கூடும். படிப்பிப்பது ஒருவர், பட்டம் கொடுப்பது இன்னொருவர். கோவையில் செல்லுபடியாவது கொடுப்பவரின் பெயர். இது தெரியாமல் ஏமாந்தவர்களின் கோவைகளை நான் கையாண்டிருக்கிறேன். சிவப்பு மையில் ‘ஏற்றுக்கொள்ள முடியாது’ என்று எழுதிய கை என்னுடையது. அவர்கள் என் மேசைக்கு வந்தது எல்லாம் முடிந்த பிறகு. அதற்கு முன்னால் யாரும் வந்ததில்லை. உத்தியோகத்தில் இருந்தவரை இது எனக்கு உறைக்கவும் இல்லை.

தமிழில் எழுதினேன். தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை இருக்கிறது என்பதையும் கடைசி வரியில் நினைவூட்டினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஜூன் பதின்மூன்றாம் திகதி அது போய்ச் சேர்ந்ததைத் தபால் கந்தோரில் உறுதிப்படுத்திக்கொண்டு நாட்காட்டியோடு உட்கார்ந்தேன். ஹஜ்ஜுப் பெருநாளைக் கழித்தேன். பொசொன் போயாவைக் கழித்தேன். பதினான்காவது வேலை நாள் ஜூலை ஐந்து, வெள்ளிக்கிழமை. கெம்பஸின் கடைசி நாளும் அதுதான். சட்டம் என் பக்கம் நிற்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

சட்டம் என் பக்கம் நின்றது, தபால்காரர்தான் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் பத்தரை மணிக்கு எங்கள் கேற்றைத் தாண்டி அவருடைய சைக்கிள் போகும். முதல் வாரம் கையைக் காட்டினார். இரண்டாம் வாரம் தலையை ஆட்டினார். மூன்றாம் வாரம் அடுத்த வீட்டுக் கேற்றைப் பார்த்துக்கொண்டே போனார்.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு யோசனையாக இருந்தது. வழக்கமாக அவள் சும்மா இருக்கிறவள் அல்ல. சாப்பிட்ட பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து தொலைபேசியை நோண்டுவாள், நான் கிட்டப் போனால் திருப்பி வைத்துவிடுவாள். கெம்பஸ்காரர்களோடு பேசுகிறாள் என்று நினைத்தேன்.

ஜூலை ஐந்தாம் திகதி பத்தரை மணிக்குச் சைக்கிள் போய்விட்டது. அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரே டவுனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நானும் வருவேன் என்றேன். “சரி வாங்க. ஆனா மாமி, அங்க வந்து சுற்றுநிருபம் வாசிக்கக் கூடாது” என்றாள்.

படி செங்குத்தானது. மேலே குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, கறுப்புக் கோட் போட்ட ஒரு பிள்ளை. அவள் மார்பில் ‘கவுன்சிலர்’ என்ற அட்டை குத்தியிருந்தது. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள். மருமகள் பெயர் கொடுக்கும் நேரத்தில் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். கம்பனிப் பதிவு, வரிப் பதிவு, வியாபாரப் பெயர்ப் பதிவு, யாரோ ஒரு நிறுவனத்தின் முகாமைத்துவத் தரச் சான்றிதழ். கடைசிச் சட்டத்தில் தீயணைப்புப் பயிற்சியில் பங்குபற்றியதற்கான பாராட்டுப் பத்திரம். எல்லாம் உண்மையானவை. ஒன்றில்கூடப் பட்டம் என்ற சொல் இல்லை.

பணிப்பாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவில் பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’. நாற்பது வயதிருக்கும், நல்ல சிரிப்பு.

“வாங்க அன்ட்டி, இருங்க. மகளா?”

“மருமகள்.”

“பாத்தீங்களா! மருமகளைப் படிக்க வைக்கிற மாமி! எல்லாருக்கும் இப்படிக் கிடைக்குமா டீச்சர்?”

“கிடைக்காது சார்,” என்றாள் மருமகள், என் முகத்தைப் பார்க்காமல்.

“இந்தப் பட்டம் எங்க அங்கீகரிச்சது?” என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

“கவர்மென்ட்ல ரெஜிஸ்டர் பண்ணின இடம் அன்ட்டி. வெளிய சேர்டிபிகேட் எல்லாம் மாட்டியிருக்கு.”

“எங்க வீட்டு நாயும் பிரதேச சபையில ரெஜிஸ்டர் பண்ணினதுதான் தம்பி.”

மேசைக்கு அடியில் மருமகள் என் காலை மிதித்தாள். “சார், மாமி அப்படித்தான். நீங்க பெருசா எடுக்காதீங்க” என்றாள். அவர் பெரிய மனசோடு சிரித்தார். ஒரு பக்கம் இரண்டு பெண்கள், அதில் ஒருவர் மற்றவரை அடக்குகிறார். அவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. படிவத்தை எடுத்துத் திருப்பி வைத்து, கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிலுவை போட்டார். மருமகள் பேனையை எடுத்தாள். பிறகு அவள் பேனையை அவர் பக்கமாக நீட்டினாள்.

“சார், ஒரு சின்ன உதவி. எங்க பிரின்சிபல் ஒரு கடிதம் கேக்கிறாரு. ஒரேயொரு வசனம்தான். நான் சொல்லச் சொல்ல உங்க லெட்டர்ஹெட்ல எழுதி, சைன் வச்சுத் தர ஏலுமா?”

“தாராளமா டீச்சர்.” தாளை எடுத்தார்.

மருமகளின் குரல் மாறியது. அதை நான் வீட்டில் கேட்டதில்லை. சொல்வதெழுதுதல் நடத்தும் குரல். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் இடைவெளி விட்டு, ஒரு சொல்லை இரண்டு தரம் சொல்லி.

“இந்தப் பட்டத்தை வழங்கும்... வழங்கும்... பல்கலைக்கழகம்... இலங்கையில்... அரச ஆசிரியர் நியமனத்துக்கு... அங்கீகரிக்கப்பட்டது. முற்றுப்புள்ளி.”

பேனை ஓடிற்று. கடைசிச் சொல்லுக்குக் கிட்டே கொஞ்சம் தயங்கி, மறுபடி வேகமாக ஓடி முடித்தது. அவர் தாளைத் தந்தார். அவள் உரத்து வாசித்தாள்.

“‘இந்தப் பட்டம் இலங்கையில் பதிவு செய்யப்பட்ட நிறுவனத்தினால் நடத்தப்படுகிறது.’ சார், பிழை விட்டிருக்கீங்க. நான் சொன்னது அங்கீகரிக்கப்பட்டது.”

“ரெண்டும் ஒன்னுதான டீச்சர்.”

“ஒன்னுதான்னா நான் சொன்னதையே எழுதலாமே?”

அவர் இன்னொரு தாள் எடுத்தார். அவள் மறுபடியும் சொன்னாள், இன்னும் மெதுவாக. இந்தத் தரம் ‘சர்வதேச ரீதியில் மதிக்கப்படுகிறது’ என்று வந்தது.

“மறுபடியும் பிழை சார். அங்கீகரிக்கப்பட்டது. அ, ங், கீ...”

“டீச்சர், எங்களுக்கு ஹெட் ஒஃபிஸ்ல ஒரு போமட் இருக்கு. அத விட்டு எழுதக் கூடாது.”

“அப்ப நீங்க வாயால சொல்லும்போது அந்தப் போமட் எங்க இருந்துச்சு? போன மாசம் இந்தக் கோவை தரும்போது மூணு தரம் சொன்னீங்க, அங்கீகாரம் இருக்குன்னு. நான் எண்ணினேன்.”

அவர் பேனையின் மூடியைக் கழற்றினார், மூடினார். முப்பத்துநான்கு வருடம் கையொப்பம் வைக்கத் தயங்கிய கைகளைப் பார்த்தவள் நான். இது அந்தக் கைதான். வாய்க்கு எந்தச் சட்டமும் இல்லை, கடதாசிக்கு உண்டு. பொய்யை எழுத்தில் வைத்தால் நாளைக்கு அது எந்தக் கோவையில் போய் உட்காரும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

“எங்க நாலாம் வகுப்புல ஒரு சொல்ல ரெண்டு தரம் பிழை விட்டா, அதப் பத்துத் தரம் எழுதணும் சார்,” என்றாள் மருமகள். கதவருகே நின்ற கறுப்புக் கோட் பிள்ளை திடீரென்று அச்சுப்பொறியில் கடதாசி இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பினாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

“இன்னொன்னு சார். உங்க வெளிநாட்டு யுனிவசிட்டிக்குத் தரம் குடுத்திருக்கிற சபை இருக்கே, அதோட போன் நம்பரும் யுனிவசிட்டியோட போன் நம்பரும் ஒன்னு. அட்ரஸும் ஒன்னு. மெப்புல போட்டுப் பாத்தா தபால் பெட்டி வாடகைக்கு விடுற கடை வருது. பரீட்சை எழுதுற பிள்ளையே பேப்பரத் திருத்தினா எல்லாருக்கும் நூறுதான?”

நீலக் கோவையை அவருக்கு முன்னால் வைத்தாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், இன்னைக்கு விட்டீங்கன்னா கட்டணத்துல கழிவு கிடைக்காது,” என்றார் அவர். குரலில் பழைய நம்பிக்கை இல்லை.

“கழிவ நீங்களே வச்சுக்கங்க சார்.”

படியிறங்கும்போது நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முழங்காலுக்காக அல்ல. சிரிப்பில் படி தெரியவில்லை. கீழே நெரிசலில் நின்று கேட்டேன்: “எப்ப கண்டுபிடிச்ச?”

“ரெண்டு கிழமையாச்சு. உங்களுக்கு மட்டுமா மாமி தேடத் தெரியும்? எனக்கும் போன் இருக்கு.”

“அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க ஒரு கோவை தொறந்து, நம்பர் போட்டு, என்னையும் அதுக்குள்ள வச்சிருப்பீங்க. எனக்கு அந்தாளோட வாயால கேக்கணும்னு இருந்துச்சு. சரியா சொன்னா, கையால.”

பக்கத்துக் கடையில் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கித் தந்தேன். சிலோன் முழுவதிலும் அன்றைக்கு அதைவிட நல்ல ரோல்ஸ் இருந்திருக்காது.

கெம்பஸை விட்டாயிற்று. ஆனால் அவளுடைய காலக்கெடு அப்படியே நின்றது. ஒழுங்கான பட்டம் முடிய மூன்று வருடத்துக்கு மேலாகும், கையிலிருந்ததோ இரண்டுக்கும் குறைவு. அன்று பின்னேரம் அவளுடைய நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மற்றவர்களின் கடிதங்களை வாசித்தே பழகியதால் வீட்டிலிருந்த கடிதத்தை வாசிக்கவில்லை. ஆறாம் பந்தியை அவள் எப்போதும் முதல் வரியோடு நிறுத்தியிருக்கிறாள், எல்லா ஆசிரியர்களையும் போல. நான் இரண்டாம் வரிக்குப் போனேன். ‘குறித்த காலத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகமொன்றின் பட்டத்தைப் பெற்றிருத்தல், அல்லது அதற்கான கற்கைநெறியில் மாணவராகப் பதிவு செய்யப்பட்டிருத்தல்.’

“அல்லது,” என்றேன்.

“என்ன மாமி அல்லது?”

“பட்டம் இல்லாட்டி, பட்டத்துக்குப் பதிவு. உண்மையான இடத்துல ரெஜிஸ்டர் பண்ணினாலே போதும். காலம் நீடிச்சுக் குடுக்கணும்.”

அவள் கடிதத்தைப் பிடுங்கி நாலு தரம் வாசித்தாள். “இத்தன வருஷமா இது இங்கயா இருந்துச்சு?”

“அச்சடிச்ச நாள்ல இருந்து.”

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை. என் கண்ணாடி வளைந்துவிட்டது.

அடுத்த வாரம் நாலு ஆசிரியைகள் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நான் முன்பு சொன்ன தொலைக்கல்விப் பட்டத்துக்கு விண்ணப்பம் நிரப்பினார்கள். முதலில் சரிபார்க்கச் சொன்னேன். இந்தத் தரம் அவர்கள்தான் என்னைச் சோதித்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இதே எழுத்துகளில் இருக்கிறதா? இருந்தாலும் இந்தப் பட்டம் அதில் உண்டா? நேரில் படிப்பதற்கு மட்டும் அங்கீகாரமா, தொலைக்கல்விக்குமா? ஒருத்தி தொலைபேசியில் அதிகாரபூர்வப் பட்டியலைத் திறக்க, இன்னொருத்தி விரலை வைத்து எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டாள். மருமகள் பல்கலைக்கழகத்துக்கே தொலைபேசி எடுத்து, நியமனக் கடிதத்தின் சொற்களை அப்படியே வாசித்துக் கேட்டாள். நான் பசை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். ஒருத்தி தாயின் பெயரைத் தந்தையின் கட்டத்தில் எழுதியதைக் கண்டுபிடித்தது மட்டும் நான்.

நாலு பேரும் அனுமதிப் பரீட்சையில் தேறினார்கள். அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது, போனார்கள். கண்டியில் பெரஹரா ஊர்வலங்கள் முடிந்து வீதிகள் திறந்த வாரம் மருமகளுக்கு மாணவர் பதிவு இலக்கம் வந்தது. அதில் பீ.வீ. இல்லை. பதிவுக் கடிதத்தையும் ஆறாம் பந்தியின் பிரதியையும் வைத்து வலய அலுவலகத்தில் கொடுத்தாள். அங்கிருந்த இளைய லிகிதர் “இப்படியொரு ஏற்பாடு இருக்கா?” என்று கேட்டாராம். இரண்டாம் வரியைக் காட்டியிருக்கிறாள். காலம் நீடிக்கப்பட்டதாகக் கோவையில் குறிப்பு எழுதி, கையொப்பம் வைத்து, முத்திரை குத்தினார்கள். அந்தப் பக்கத்தின் பிரதியை அவள் எனக்கென்று கொண்டுவந்தாள். சேவையில் இருந்த காலத்தில் எத்தனையோ குறிப்புகளை நானே எழுதியிருக்கிறேன். ஒன்றையும் இப்படி ரசித்து வாசித்ததில்லை.

என் விண்ணப்பத்தை நான் கைவிடவில்லை. பதினான்கு நாள் தவறினால் மேன்முறையீடு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, செய்தேன். “இனி எதுக்கு மாமி? நான்தான் அந்தக் கெம்பஸ விட்டுட்டேனே” என்றாள் மருமகள். புசல்லாவைக்கு மேலே இன்னும் பல பாடசாலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் உதவியாளர்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் சொல்வதெழுதுதல் நடத்த நேரம் கிடைக்காது என்றேன்.

பதில் வந்தது. தமிழில், பிழையில்லாத நல்ல தமிழில், மூன்று கேள்விக்கும் மூன்று பந்தி. அந்தப் பெயரில் எந்தப் பல்கலைக்கழகமும் பட்டியலில் இல்லை. குறித்த நிலையத்துக்குப் பட்டப்படிப்பு நடத்த அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை. கம்பனிப் பதிவை அங்கீகாரமாகக் கொள்ள முடியாது. மருமகள் சந்திக் கடையில் அதற்கு முப்பது பிரதிகள் எடுத்தாள். நானா பத்துப் பிரதிக்குக் காசு வாங்கவில்லை, ஸ்டிக்கர் கொடுத்த பாவத்துக்கு என்றார். இப்போது அந்தக் கடிதம் கம்பளையிலிருந்து மேலே பல ஆசிரியர் அறைகளில் ஒட்டப்பட்டிருக்கிறது.

கடிதத்தின் தலைப்பில் இட்டிருந்த திகதி ஜூலை நான்கு. சட்டம் கொடுத்த தவணைக்குச் சரியாக ஒரு நாள் முந்தியே எழுதியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. தபால்காரர் எங்கள் கேற்றில் சைக்கிளை நிறுத்தி, மணியடித்து, என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு அதைத் தந்தது செப்டம்பர் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை.